இங்கிலாந்துல நர்ஸ் வேலைக்குப் போறேன், ஹிஜாப் போட்டே டியூட்டி பாக்க முடியுமா?

தக்கலைப்பொண்ணு:
அஸ்ஸலாமு அலைக்கும். எனக்க ஊரு தக்கலை, பீரப்பா தர்கா பக்கம். பிஎஸ்சி நர்சிங் முடிச்சிட்டு ரியாத்துல வேலை பாத்தேன், இப்ப ஓஇடி (நர்ஸ், டாக்டருங்களுக்கு உள்ள இங்கிலீஷ் பரீட்சை) பாஸாகி இங்கிலாந்துல வடக்குப் பக்கம் ஒரு என்ஹெச்எஸ் (அங்க உள்ள அரசு மருத்துவ சேவை) ஹாஸ்பிட்டல்ல வேலை கெடச்சிருக்கு, அல்ஹம்துலில்லாஹ். சவுதியில இந்தக் கேள்வியே வரல்ல. இப்ப வீட்டுல ஒரே பேச்சு. 2024 ஆகஸ்ட் கலவர சமயத்துல அங்க பள்ளிவாசல் மேல கல்லெறிஞ்ச வீடியோ எல்லாம் பாத்துட்டு உம்மா அழுகை, "அங்க போய் தலையில போடாண்டாம் மக்ளே, ரூமுக்குள்ள தொழு, அல்லாஹ்வுக்குத் தெரியும்"னு சொல்லுதாவ. மாமி என்னன்னா ஹிஜாப் போட்டா புரமோஷன் தரமாட்டாங்கன்னு பயப்படுதாவ. மாப்பிள்ளை உனக்க இஷ்டம்னுட்டாரு.

படிக்கும்போது டிரெயினிங் போன ஒரு ஹாஸ்பிட்டல்ல வார்டுக்குள்ள போணும்னா கழட்டி பேக்குல வச்சிட்டுத்தான் போணும், கேள்வியே கேக்க முடியாது, நானும் வாயைத் தொறக்காம கழட்டுனேன், ஒவ்வொரு நாளும் மனசு வலிக்கும். இனி அது எனக்கு வேண்டாம். அங்க உள்ளவங்க சொல்லுங்க, ரூல் என்ன, முழங்கைக்குக் கீழ கை தெரியணுமாமே அது உண்மையா, ஆபரேஷன் தியேட்டர்ல என்ன செய்வாங்க, ராத்திரி பஸ்ல வரும்போது பயம் உண்டா?

மார்த்தாண்டம் சிஸ்டர்:
மக்ளே, நான் கிறிஸ்டியன், ஆனா இங்க வார்டு மேனேஜரா இருக்கேன், எனக்க டீம்லயே ஹிஜாப் போட்ட பிள்ளைங்க இருக்காவ, அதனால பாத்ததைச் சொல்லுதேன். ஹிஜாப் போடக்கூடாதுன்னு இங்க ரூல் கெடையாது. 2010 ஈக்வாலிட்டி ஆக்ட்ல மதமும் பாதுகாப்புக்குள்ள வருது, சும்மா ஒருத்தர் வந்து கழட்டுன்னு சொல்ல முடியாது, பேஷண்ட் பாதுகாப்பு மாதிரி சரியான காரணம் இருக்கணும்.

முழங்கை விஷயம் உண்மைதான். பேஷண்டைப் பாக்குற எடத்துல கை முழங்கைக்குக் கீழ தொறந்து இருக்கணும், வாட்ச்சும் கூடாது, ஏன்னா துணியில கிருமி ஒட்டும், மணிக்கட்டு வரைக்கும் ஒழுங்கா கழுவவும் முடியாது. கை காட்ட விருப்பமில்லாதவங்களுக்கு 2010லயே வழிகாட்டுதல்ல ஒரு வழி குடுத்துட்டாங்க, போட்டுத் தூக்கிப் போடுற ஸ்லீவ், முழங்கையிலயும் மணிக்கட்டுலயும் எலாஸ்டிக் இருக்கும், கிளவுஸ் மாதிரியே ஒவ்வொரு பேஷண்டுக்கும் மாத்தணும். பிஸியான வார்டுல அது பெரிய பாடு, அதனால சில பிள்ளைங்க பேஷண்ட்கிட்ட நிக்கும்போது மட்டும் கையைத் தொறந்து வச்சிட்டு வெளிய வந்ததும் கார்டிகன் போட்டுக்கிடுவாவ. அது உனக்க முடிவு. தியேட்டருக்கு டிஸ்போசபிள் ஹிஜாப் இருக்கு, 2019ல ராயல் டெர்பி ஹாஸ்பிட்டல்ல ஒரு ஜூனியர் டாக்டர் முயற்சி எடுத்துக் கொண்டு வந்தாவ. உனக்க ஹாஸ்பிட்டல்ல உண்டான்னு முன்னாடியே கேளு. யூனிஃபார்ம் பாலிசியை அனுப்பச் சொல்லி இப்பவே மெயில் போடு, பதிலை எழுத்துல வாங்கி வச்சுக்கோ, வாய்ப்பேச்சுல விடாத.

ஹிஜாப்புல குண்டூசி குத்தாத. மறதி நோய் உள்ள வயசானவங்க பிடிச்சு இழுப்பாங்க, குத்திரும். ஜெர்சித் துணியில எடுத்து நுனியை டியூனிக்குக்குள்ள (யூனிஃபார்ம் மேல்சட்டை) சொருகிரு, தினமும் மாத்து, 60 டிகிரியில தொவைக்கணும், அதுக்குத் தாங்குற துணியா ஊருலேந்தே கொண்டு வா.

குளச்சல் காக்கா:
நான் ஜெர்மனியில, தாடி வச்ச ஆளு, ஐடி. ஒண்ணு புரிஞ்சுக்கிடணும், ஐரோப்பா எல்லாம் ஒண்ணு கெடையாது. பிரான்ஸ்ல 2004லேந்து அரசுப் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க தலையில போட முடியாது. ஐரோப்பிய யூனியன் கோர்ட்டு 2017ல, கம்பெனி எல்லா மத அடையாளத்தையும் பொதுவா தடுத்தா செல்லும்னு சொல்லிட்டு. ஜெர்மனியில 2015ல டீச்சருங்களுக்கு ஒட்டுமொத்தமா தடை போடக்கூடாதுன்னு தீர்ப்பு. கனடாவுலயும் கியூபெக்ல 2019 சட்டப்படி டீச்சர், போலீஸ் போட முடியாது. யாராவது வெளிநாட்டுல தடைன்னு வாட்ஸ்அப்ல அனுப்புனா எந்த நாடு, எந்த வேலைன்னு கேளுங்க.

அப்புறம், மைனாரிட்டியா இருக்கது நமக்குப் புதுசா? 2011 சென்சஸ்ல நமக்க கன்னியாகுமரி மாவட்டத்துல முஸ்லிம்கள் நூத்துக்கு நாலு பேரு. உம்மாமாரு தலையில முந்தானையைப் போட்டுட்டுத்தான் சந்தைக்குப் போனாவ, பக்கத்து வீட்டுல சர்ச்சுக்குப் போறவங்க, கோயிலுக்குப் போறவங்க. ஆனா அங்க நான் யாரு மகன்னு எல்லாருக்கும் தெரியும், இங்க எனக்க பேருக்கு முன்னாடி தாடியைத்தான் பாப்பாங்க. அதனால நாம நடந்துக்கிறதுல கவனமா இருக்கணும், ஒரு ஆளைப் பாத்து மொத்த சமுதாயத்தையும் எடை போடுவாங்க.

இடலாக்குடி:
நானும் இங்கிலாந்துலதான். ஹிஜாப் போடுறதில்ல, தொழுவேன், நோன்பு பிடிப்பேன். காக்கா சொன்ன கடைசி விஷயத்துல எனக்கு சம்மதம் இல்ல. அந்தப் பாரத்தை இந்தப் பிள்ளை தலையில வைக்காதீங்க. அவ நைட் டியூட்டி முடிஞ்சு களைச்சுப்போய் வரும்போது சிரிக்காம இருந்தா அது களைப்பு, இஸ்லாத்துக்கு வந்த கெட்ட பேரு இல்ல. டை கட்டிட்டு ஆபீஸ் போற எனக்க மாப்பிள்ளைகிட்ட யாரும் எதுவும் கேக்கல்ல, எல்லாக் கேள்வியும் பொம்பளைங்களுக்குத்தான் வருது, போட்டாலும் வருது போடாட்டாலும் வருது.

பயத்தைப் பத்தி கேட்டீங்க. அந்தக் கலவரத்துல சண்டர்லேண்ட்ல வேலைக்குப் போயிட்டிருந்த ரெண்டு பிலிப்பைன்ஸ் நர்ஸைத் தாக்குனாங்க. அவங்க தலையில ஹிஜாப் இல்ல. நிறத்தைப் பாத்து அடிக்கிறவன் கழட்டிட்டா விட்டுருவான்னு நினைக்காண்டாம், அதனால பயத்துக்காக மட்டும் கழட்டாதீங்க. ராத்திரி பஸ்ல டிரைவர் பக்கம் உக்காருங்க. யாராவது கத்துனா நேரம், பஸ் நம்பர் குறிச்சு வச்சு போலீஸ்ல ஹேட் கிரைம்னு (வெறுப்புக் குற்றம்) சொல்லுங்க, அவசரம்னா 999, இல்லாட்டா 101. சின்ன விஷயம்தானேன்னு விட்டுராதீங்க.

தக்கலைப்பொண்ணு:
ஜஸாகல்லாஹ் ஹைர் எல்லாருக்கும். மெயில் இன்னைக்கே போடுதேன். இடலாக்குடி சகோதரி சொன்னது மனசுல நின்னுட்டு, உம்மாகிட்டயும் அதையே பேசுதேன், மறைக்கல்ல. நான் போட்டுட்டுத்தான் போறேன். இன்னும் ஒண்ணு, குளிர்காலத்துல லுஹர், அஸர், மஃரிப் மூணு தொழுகையும் ஒரே ஷிஃப்ட்டுக்குள்ள வருமாமே, தொழ விடுவாங்களா?

மார்த்தாண்டம் சிஸ்டர்:
வரும். டிசம்பர்ல வடக்குல நாலு மணிக்கு முன்னாடியே சூரியன் விழுந்துரும். ஷிஃப்ட் ஆரம்பிக்கும்போதே நர்ஸ் இன் சார்ஜ்கிட்ட பிரேக் எப்ப வேணும்னு சொல்லிரு, கடைசி நிமிஷத்துல கேட்டா உனக்குப் பதிலா நிக்க யாரும் இருக்கமாட்டாங்க. சாப்ளின்சின்னு மத விஷயத்துக்கு உதவுற ஒரு டிபார்ட்மெண்ட் இருக்கும், தொழ ரூம் எங்கன்னு அவங்க காட்டுவாங்க, நிறைய ஹாஸ்பிட்டல்ல முஸ்லிம் சாப்ளினும் உண்டு. வேலைக்குச் சேர்ந்து இண்டக்ஷன் நடக்குற முதல் வாரத்துலயே அங்க போய் பேரைச் சொல்லிட்டு வா.