வான்ஸ் வரைந்தது 19 அல்ல, 18

பழுப்புத்தாள் | இரவு 9.14

நம் காமிக்ஸ் மன்றத்தின் விற்பனைப் பகுதியில், 'இரத்தப் படலம்' படக்கதைத் தொடரையும் அதன் ஓவியர் வான்ஸையும் பற்றிக் கரிக்கோடு போட்டிருக்கும் அறிவிப்பைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பார்க்காதவர்களுக்காக அப்படியே எடுத்துப் போடுகிறேன்: "இரத்தப் படலம், பிரெஞ்சுப் பதிப்பு. வான்ஸ் வரைந்த 19 பாகங்களும் என்னோடு இருக்கும். 20 முதல் 24 வரை வேறு ஆள் வரைந்தது. பழைய பேப்பர் விலைக்குத் தருகிறேன். அவை தொகுப்பில் சேராது."

ஐயா, வில்லியம் வான்ஸ் வரைந்தது 18. 18-ஆம் பாகமான 'ஐரிஷ் பதிப்பு' ஜான் ஜிரோ வரைந்தது. நாம் கேப்டன் டைகர் என்று கொண்டாடுகிற புளூபெர்ரியை வரைந்த அதே ஜிரோ. 18-உம் 19-உம் 2007 நவம்பரில் ஒன்றாக வெளிவந்தன. அட்டையிலேயே பெயர் போட்டிருக்கிறது. ஓவியர் மாறினால் தொகுப்பு செத்துவிட்டது என்று தீர்ப்பு எழுதுகிறவர், தன் அலமாரியில் இருப்பதை முதலில் எண்ணிப் பார்த்திருக்க வேண்டாமா?

கரிக்கோடு | இரவு 9.31

வந்துவிட்டார் கணக்குப்பிள்ளை. ஜிரோ ஒரு பாகத்துக்கு வந்த விருந்தாளி. விருந்தாளி ஒரு நாள் திண்ணையில் படுத்துத் தூங்கினால் வீட்டுப் பத்திரம் அவர் பெயருக்கு மாறிவிடுமா? 17 வான்ஸ், 19 வான்ஸ். நடுவில் இருப்பதும் வான்ஸ் வீடுதான். 20-இல் வந்தவர் விருந்தாளி அல்ல, குடியேறியவர்.

பழுப்புத்தாள் | இரவு 9.36

திண்ணை, பத்திரம் எல்லாம் இருக்கட்டும். அறிவிப்பில் 'வரைந்த' என்று எழுதினீர்களா, இல்லையா?

கரிக்கோடு | இரவு 9.38

எழுதினேன். இனியும் எழுதுவேன்.

மாடியறை வாசகி | இரவு 9.50

இருவருக்கும் வணக்கம். 1984-இல் லயன் காமிக்ஸின் முதல் இதழாக 'கத்தி முனையில் மாடஸ்டி' வந்த நாளிலிருந்து வாசிக்கிறேன், அந்த உரிமையில் சொல்கிறேன். மாடஸ்டியை முதலில் வரைந்த ஜிம் ஹோல்டவே 1970-இல் ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே இறந்துபோனார். மீதிக் கதையை ஸ்பெயின்காரர் ரொமேரோ தொடர்ந்தார். பாகம் மாறும்போது அல்ல, கதை நடுவிலேயே மாறியது! அந்தக் கதையைப் பாதியில் கிழித்துவிடுவீர்களா? துப்பறியும் ரிப் கெர்பி தொடருக்கும் இதே கதைதான். அலெக்ஸ் ரேமண்ட் 1956-இல் கார் விபத்தில் போனார். ஜான் பிரெண்டிஸ் கையில் எடுத்து 1999 வரை ஓட்டினார். ரேமண்ட் வரைந்தது பத்து வருடம், பிரெண்டிஸ் நாற்பதுக்கு மேல். யார் அங்கே விருந்தாளி?

கரிக்கோடு | இரவு 10.02

அம்மா, அவை நாளிதழ்ப் பட்டைகள். தினம் மூன்று கட்டம், மறுநாள் அந்தத் தாளில் கடலை மடித்துவிடுவார்கள். நான் பேசுவது ஆல்பம். ஆண்டுக்கு ஒன்று என்று காத்திருந்து வாங்கி அடுக்குவது. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

மாடியறை வாசகி | இரவு 10.05

கடலை மடித்த தாளை இன்று என்ன விலைக்கு விற்கிறார்கள் என்று விற்பனைப் பகுதியிலேயே பாருங்கள். நீங்களும்தான் விற்றிருக்கிறீர்கள்.

ஐந்தாம் பெட்டி | இரவு 10.11

ஓவியர் மாறினால் தொகுப்பு இல்லை என்றால், இதே தொடரின் கிளையாக 2008 முதல் 2018 வரை 13 புத்தகங்கள் வந்தனவே, ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஓவியர், அதற்கு என்ன பெயர்? குப்பையா?

அது கிடக்கட்டும். பழுப்புத்தாள் இங்கே எண்ணிக்கைப் பாடம் நடத்துவதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. 2010-இல் தமிழில் வந்த இரத்தப் படலம் கறுப்பு வெள்ளைத் தடித்தொகுப்பை, 18 பாகம் ஒரே புத்தகமாக வந்ததே அதை, என்னிடம் 'பதினைந்து நாளில் தருகிறேன்' என்று வாங்கிப் போனவர் இவர். பதினைந்து நாள் என்பது எத்தனை வருடம் என்று இந்தக் கணக்குப்பிள்ளையிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

பழுப்புத்தாள் | இரவு 10.15

அதை நான் 2013-லேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். சாட்சி உண்டு. அதோடு, இந்தத் திரியின் பொருள் அதுவல்ல.

ஐந்தாம் பெட்டி | இரவு 10.17

திருப்பி வந்தது வேறு பிரதி. என் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் என் மகள் மூன்று வயதில் கிறுக்கிய பச்சை யானை இருக்கும். வந்த பிரதியில் யானை இல்லை. காபித் தம்ளர் வைத்த வட்டம்தான் இருந்தது.

பழுப்புத்தாள் | இரவு 10.19

யானை இல்லாத பிரதி சுத்தமான பிரதி. நீங்கள் எனக்கு நன்றி சொல்ல வேண்டும். மீண்டும் சொல்கிறேன், 18.

நெல்லை நூலகம் | இரவு 10.33

படத்தைப் பற்றி யாராவது பேசுவீர்களா? நேற்று 19-ஐயும் 20-ஐயும் மேசை விளக்கின் கீழ் பக்கத்தில் பக்கமாக விரித்து வைத்து ஒரு மணி நேரம் பார்த்தேன். வான்ஸிடம் தாடைக்குக் கீழே நிழல் என்றால் ஒரே கறுப்பு மை, தாராளமாக. அதன் ஓரத்தில் மட்டும் நாலைந்து கீறல். முகத்தில் பாதி இருட்டில் கிடக்கும், நாம்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும். 20-ஐ வரைந்த ஜிகுனோவ் மாஸ்கோக்காரர், கை சுத்தம். சட்டை மடிப்பு, கட்டடத்தின் ஜன்னல், துப்பாக்கியின் திருகாணி வரை அளந்து போடுகிறார். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த இருட்டு இல்லை. நினைவை இழந்தவனின் கதைக்கு அந்த இருட்டுத்தான் பாதிக் கதை என்பது என் எண்ணம். நிறத்தையும் மறக்காதீர்கள். வான்ஸின் பாகங்களுக்கு நிறம் தீட்டியவர் அவர் மனைவி பெத்ரா.

கரிக்கோடு | இரவு 10.40

கேட்டுக்கொள்ளுங்கள். நூலகம் சொல்லிவிட்டார். 19-ஓடு இருட்டு முடிந்தது. நான் எழுதியது சரி.

நெல்லை நூலகம் | இரவு 10.42

நான் அப்படிச் சொல்லவில்லை. 20 முதல் 24 வரை ஐந்தும் என் அலமாரியில் இருக்கின்றன. விற்க மாட்டேன்.

பழுப்புத்தாள் | இரவு 10.44

'19-ஓடு' என்று மறுபடியும் எழுதுகிறார், பாருங்கள். வேண்டுமென்றேதான் எழுதுகிறார்.

கரிக்கோடு அவர்களே, உங்களுக்கு ஒரு செய்தி. 'மார்ஷல் புளூபெர்ரி' என்று மூன்று பாகம் உண்டு. கதை எழுதியவர் ஜிரோ. முதல் இரண்டு பாகத்துக்கு, 1991-இலும் 1993-இலும், படம் வரைந்தவர் யார் தெரியுமா? உங்கள் வான்ஸ். மூன்றாவது 2000-இல் வந்தது, வரைந்தவர் மிஷேல் ரூஜ். ஆக, வான்ஸே ஜிரோ வீட்டுத் திண்ணையில் இரண்டு நாள் படுத்து எழுந்து போனவர். பாதியில் விட்டும் போனார். அந்த மூன்றையும் உங்கள் சட்டப்படி எப்படி அடுக்குவது?

கரிக்கோடு | இரவு 10.52

அதை நான் வாங்கவே இல்லை.

பழுப்புத்தாள் | இரவு 10.53

வாங்கவில்லை என்பது பதில் அல்ல.

புதுவரவு | இரவு 10.58

அண்ணன்மார்களே, நான் ஐந்தாம் பாகம்தான் வாசித்துக்கொண்டிருக்கிறேன். குண்டடிபட்ட ஆள் கரையில் ஒதுங்கி, அந்தக் கிழவனும் கிழவியும் தூக்கிப் போய்க் காப்பாற்றுகிறார்களே, அங்கிருந்து மூன்று நாளாக வேறு வேலை ஓடவில்லை. 18-ஆம் பாகம் 'ஐரிஷ்' என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டீர்களே, அவன் அயர்லாந்துக்காரனா? இனி நான் எதற்கு வாசிக்க வேண்டும்?

ஐந்தாம் பெட்டி | இரவு 11.01

தம்பி, அவன் யார் என்று ஒவ்வொரு பாகத்திலும் ஒரு பதில் கிடைக்கும், அடுத்த பாகத்தில் அது பொய்யாகும். தைரியமாக வாசி. பழுப்புத்தாளுக்கு மட்டும் புத்தகம் கொடுத்துவிடாதே.

கரிக்கோடு | இரவு 11.04

அந்தப் பையன் சொல்வதுதான் சரி. முன்னறிவிப்பு இல்லாமல் கதையை உடைத்தது பழுப்புத்தாள். நிர்வாகி கவனிக்கவும்.

பழுப்புத்தாள் | இரவு 11.06

தலைப்பைச் சொன்னால் கதையை உடைத்ததாகுமா? அட்டையைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டா கடையில் வாங்குவது? 'ஜிராட்' என்று போன மாதம் எழுதியவர் எனக்குப் பாடம் எடுக்கிறார். அது ஜிரோ. கடைசி எழுத்து ஒலிக்காது. அந்தத் திரியில் திருத்தியதற்காக என்னை 'பிரெஞ்சுத் தூதரகம்' என்று அழைத்தார், நான் மறக்கவில்லை.

கரிக்கோடு | இரவு 11.09

தமிழில் எழுதும்போது என் நாக்குக்கு வருவதை எழுதுவேன். ஜிராட், ஜிராட், ஜிராட்.

மாடியறை வாசகி | இரவு 11.20

எங்கள் வீட்டில் ஒரு பொன்னியின் செல்வன் இருக்கிறது. கல்கியில் 1950 முதல் 1954 வரை வந்ததைப் பாட்டி வாரம் தவறாமல் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்தது. மணியம் படங்கள். மூன்றாம் பாகத்தில் கொஞ்சம் அத்தியாயங்களைச் செல் அரித்துவிட்டது. பிறகு கல்கி அதை மீண்டும் தொடராகப் போட்டபோது வினு வரைந்தார் அல்லவா, அந்தப் பக்கங்களை அப்பா தேடி வாங்கி, அரித்துப்போன இடத்தில் நுழைத்து மறுபடியும் பைண்டு செய்தார். ஒரு பக்கத்தில் மணியத்தின் நந்தினி, கொண்டையோடு நிற்பாள். தாளைத் திருப்பினால் வேறு நந்தினி. சின்ன வயதில் எனக்கு அது வேறு பெண் என்றே நினைப்பு. பழுவேட்டரையருக்கு இரண்டு மனைவி என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி அடி வாங்கியிருக்கிறேன். இன்று முழுக்க மணியம் படங்களோடு ஒரு பிரதி கொடுத்து இதைக் கேட்டாலும் தரமாட்டேன்.

கரிக்கோடு | இரவு 11.27

அது வீட்டு நினைவு. மதிக்கிறேன். ஆனால் அதைச் சேகரிப்பு என்று சொல்லாதீர்கள்.

மாடியறை வாசகி | இரவு 11.28

சொல்லுவேன்.

பழுப்புத்தாள் | இரவு 11.30

அழகாக எழுதியிருக்கிறீர்கள் அம்மா. நெகிழ்ந்துவிட்டேன். ஆனால் இப்போதைய கேள்வி 18-ஆ 19-ஆ என்பதுதான், அதைத் திசை திருப்ப வேண்டாம்.

நெல்லை நூலகம் | இரவு 11.41

திசை திருப்பவில்லை, ஒரு சந்தேகம். 1999-இல் வந்த 13-ஆம் பாகம் புலன்விசாரணைக் கோப்பு. அறிக்கை, குறிப்பு, ஆளுக்கு ஒரு சரித்திரம் என்று பெரும்பாலும் எழுத்து. வழக்கமான படக்கதை அதில் கொஞ்சம்தான். 'வரைந்த' என்ற சொல்லைக் கறாராகப் பிடித்துக்கொண்டால், வான்ஸ் வரைந்த படக்கதை 17 என்றல்லவா ஆகும்?

பழுப்புத்தாள் | இரவு 11.43

ஆகாது. கோப்பாக இருந்தாலும் அதில் உள்ள படம் வான்ஸ் கை. பாகம் என்று எண் போட்டிருக்கிறது. எண் போட்டால் எண்ணத்தான் வேண்டும்.

கரிக்கோடு | இரவு 11.44

ஆகா! எண் போட்டால் எண்ண வேண்டும்! 18-க்கும் எண் போட்டிருக்கிறது ஐயா. உங்கள் வாயாலேயே திண்ணை வீட்டில் சேர்ந்துவிட்டது. எல்லோரும் இந்தப் பதிவைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், அழித்துவிடுவார்.

பழுப்புத்தாள் | இரவு 11.46

நான் எதையும் அழிக்கிறவன் அல்ல. நான் சொன்னது பாகத்தின் எண். நீங்கள் எழுதியது வரைந்தவரின் எண்ணிக்கை. இரண்டும் வேறு. 'தொடரில் 19 பாகம்' என்று எழுதியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். 'வான்ஸ் வரைந்த 19' என்று எழுதினீர்கள். மனிதர் நடுக்குவாத நோயோடு போராடிக்கொண்டு கடைசிப் பாகங்களை முடித்தார். 2010-இல் ஓய்வை அறிவித்தார். 2018 மே மாதம் ஸ்பெயினில் காலமானார். நம் தமிழ் வண்ணத் தொகுப்பு வந்ததும் அதே வருடம்தான். அப்படிப்பட்டவர் வரையாத ஒன்றை அவர் தலையில் கட்டுவது அவருக்குச் செய்யும் மரியாதை அல்ல.

கரிக்கோடு | இரவு 11.52

வான்ஸின் மரியாதையை உங்களிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய நிலையில் நான் இல்லை. அவர் இறந்த அன்று அந்த 19-ஐயும் மேசையில் அடுக்கி வைத்து, இரவு இரண்டு மணி வரை புரட்டிக்கொண்டிருந்தவன் நான்.

பழுப்புத்தாள் | இரவு 11.53

18-ஐயும் ஜிரோவின் ஒன்றையும்.

ஐந்தாம் பெட்டி | நள்ளிரவு 12.04

ஒரு சின்ன விஷயம். 20-இல் மாறியது ஓவியர் மட்டுமா? எழுத்தாளரும் மாறினார். வான் ஹாம் 19-ஓடு விலகினார், இவ் சான்ட் வந்தார். கதை சொல்கிறவரே மாறிப்போனதைப் பற்றி இத்தனை பதிவில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லையே?

கரிக்கோடு | நள்ளிரவு 12.06

எழுத்தாளரைப் பற்றி வேறு திரி தொடங்குங்கள்.

பழுப்புத்தாள் | நள்ளிரவு 12.06

வேறு திரியில்.

நிர்வாகி | நள்ளிரவு 12.15

கடன் வாங்கிய புத்தகம், பச்சை யானை தொடர்பான புகார்களைத் தனிமடலில் பேசிக்கொள்ளவும். ஜிரோ, ஜிராட் இரண்டும் இங்கே அனுமதிக்கப்படும்.

பழுப்புத்தாள் | நள்ளிரவு 12.16

இரண்டும் எப்படி அனுமதிக்கப்படும்?

புதுவரவு | நள்ளிரவு 12.21

மன்னிக்கவும், அந்த 20 முதல் 24 வரை இன்னும் இருக்கிறதா? எனக்கு ஓவியர் யாராக இருந்தாலும் பரவாயில்லை. பிரெஞ்சு தெரியாது, படம் பார்ப்பேன்.

கரிக்கோடு | நள்ளிரவு 12.25

இருக்கிறது தம்பி, தனிமடலில் வா. தபால் செலவு மட்டும் உன்னுடையது. அறிவிப்பில் ஓர் எழுத்துக்கூட மாற்ற மாட்டேன். யாருக்கு வேண்டுமானாலும் தருவேன், ஒருவருக்கு மட்டும் கிடையாது.

பழுப்புத்தாள் | நள்ளிரவு 12.27

என்னைச் சொல்கிறார் என்று தெரிகிறது. எனக்கு வேண்டாம், என்னிடம் முழுதாக இருக்கிறது. பொதுவான தகவலுக்காகக் கேட்கிறேன், அந்த 21-ஆம் பாகத்தின் முதுகு மடங்காமல் இருக்கிறதா?