எண்ணெய் சட்டி ஸ்டிக்கர்

குரூப்: ஆதம்பாக்கம் வீடு 🏠

செவ்வாய்

தாத்தா: இனிய காலை வணக்கம் 🌺 முருகன் துணை

தாத்தா: மெட்ரோ வாட்டர் லாரி நேத்தே வரும்னு சொன்னான், இன்னும் வரலை. யாராவது ஃபோன் பண்ணி கேளுங்க

ரேவதி சித்தி: கிஷோர் இன்னிக்கும் ஸ்கூல் போகலை. நாலாவது நாள். வயித்து வலின்றான், ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு பாத்ரூம்ல லைட் எரியுது, போய் பாத்தா மூடின பக்கெட் மேல உக்காந்து ஃபோன் பாத்துட்டு இருக்கான். நவீன்கிட்ட ஏதாவது சொன்னானா அண்ணி?

லட்சுமி அத்தை: இல்லியே ரேவதி. நவீன் பி செக்ஷன்ல. கேட்டா ஒண்ணுமில்லன்றான். ஓமத்தண்ணி வச்சு குடு

உமா பெரியம்மா: ஞாயித்துக்கிழமை வயித்து வலி இருந்துச்சா?

ரேவதி சித்தி: இல்லக்கா. பிரியாணி சாப்ட்டான், ரெண்டாவது தடவ வாங்கி சாப்ட்டான்

உமா பெரியம்மா: அப்ப ஓமத்தண்ணி வேஸ்ட். வியாசர்பாடில முப்பது வருஷம் டீச்சரா இருந்தேன், திங்கக்கிழமை மட்டும் வர்ற வயித்து வலிய எத்தனையோ பாத்தாச்சு. ஒண்ணு சொல்றேன், ஃபோனை மட்டும் பிடுங்காத. ஃபோன் போயிடும்ற பயத்துலதான் பாதி புள்ளைங்க வாயே தொறக்காது. பக்கத்துல உக்காரு, எதுவும் கேக்காத, அவனா சொல்லுவான்

முரளி சித்தப்பா: நான் நேத்தே பிடுங்கிட்டு காலைல திருப்பி குடுத்தேன் 🤦

ரேவதி சித்தி: இவர் இப்படித்தான்

செவ்வாய், ராத்திரி

ரேவதி சித்தி: சொல்லிட்டான். ஒரு மணி நேரம் அழுதான். நானும்தான். ஒம்போதாவது பசங்க எல்லாரும் சேந்து ஒரு வாட்ஸ்அப் குரூப் வச்சிருக்காங்க, பேரே ‘நோ டீச்சர்ஸ்’. 74 பேர். மகாபலிபுரம் ட்ரிப்புக்கு அதுல ஒரு போல் போட்டிருக்கானுங்க. ‘எண்ணெய் சட்டிக்கு எங்க சீட்?’ ஃபர்ஸ்ட் பஸ் 0. செகண்ட் பஸ் 2. டிக்கி 37. அதுக்கு கீழ ஒருத்தன் சயின்ஸ் ரெக்கார்ட் எப்ப சப்மிட் பண்ணணும்னு கேக்கறான், இன்னொருத்தன் வெள்ளிக்கிழமைன்றான், எதுவுமே நடக்காத மாதிரி போகுது

சுமதி அம்மா: அய்யோ கடவுளே. எண்ணெய் சட்டின்னா என்னடி

ரேவதி சித்தி: இவனுக்கு வச்ச பேரு. இவன் ஃபோட்டோவுல ஸ்டிக்கர் வேற. இன்ஸ்டால ‘எண்ணெய் சட்டி அஃபிஷியல்’னு ஒரு ஐடி, இவனே பேசற மாதிரி அசிங்க அசிங்கமா போஸ்ட். இதுல கொடுமை என்னன்னா, அந்த பேர பசங்க மட்டும் சொல்லலையாம், கணக்கு சார் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது சிரிச்சுட்டே ‘என்ன எண்ணெய் சட்டி, ஹோம்வொர்க் ஆச்சா’னாராம். கிளாஸே கைதட்டுச்சாம். அதுக்கப்புறம்தான் இவ்ளோ பெருசாச்சுன்றான்

உமா பெரியம்மா: இதுதான். வாத்தியாரே சொன்னாருன்னா புள்ளைங்களுக்கு லைசென்ஸ் கிடைச்ச மாதிரி. எங்க ஸ்கூல்லயே பீரியட்ல ‘டேய் குண்டா’ன்னு கூப்பிட்ட ஆளுங்க இருந்தாங்க, பாசமா கூப்பிடறோம்பாங்க

முரளி சித்தப்பா: நாளைக்கு நேரா போலீஸ் ஸ்டேஷன். 37 பேர் மேலயும் கம்ப்ளைன்ட்

அருண்: சித்தப்பா கொஞ்சம் பொறுங்க. முன்னாடி ஆன்லைன்ல தப்பா மெசேஜ் போட்டா பிடிக்கறதுக்கு தகவல் தொழில்நுட்பச் சட்டத்துல 66ஏ பிரிவு இருந்துச்சு, அத 2015லயே சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணிடுச்சு. போலி ஐடிக்கு வேணா 66சி, 66டி இருக்கு. ஆனா பண்ணவங்க எல்லாம் 14, 15 வயசு, சிறார் நீதிச் சட்டத்துலதான் வருவாங்க, குறைஞ்சது ஏழு வருஷ தண்டனை உள்ள கொடிய குற்றமா இல்லேன்னா பொதுவா எஃப்ஐஆரே போட மாட்டாங்க, ஸ்டேஷன் டைரில எழுதி சிறார் நீதி போர்டுக்கு அனுப்புவாங்க. அதனால முதல்ல ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க, தேதி, ஐடி பேரு எல்லாம் தெரியற மாதிரி. கிஷோர் இப்பவே குரூப்ப விட்டு வெளிய வர வேணாம். எடுத்ததுக்கப்புறம் இன்ஸ்டால அந்த ஐடிய ரிப்போர்ட் பண்ணலாம், வேற ஒருத்தர் மாதிரி நடிக்கறாங்கன்னு ஆப்ஷன் இருக்கு. சைபர் கிரைம் போர்ட்டல்லயும் போடலாம், ஃபோன்னா 1930

பாஸ்கர் மாமா: ஆஸ்திரேலியாக்காரன் சரியா பண்ணான். 2025 டிசம்பர்லருந்து 16 வயசுக்கு கீழ சோஷியல் மீடியாவே கிடையாது. இங்கயும் கொண்டு வரணும்

அருண்: அதுல வாட்ஸ்அப் வரல மாமா. போல் போட்டது வாட்ஸ்அப்லதான்

சுமதி அம்மா: நம்ம காலத்துல மட்டும் கேலி இல்லையா என்ன, என்னை ஒட்டகச்சிவிங்கின்னு எத்தனை பேர் கூப்பிட்டாங்க

உமா பெரியம்மா: கூப்பிட்டாங்க சுமதி. நாலு மணிக்கு பெல் அடிச்சதும் நீ பரங்கிமலை ஸ்டேஷன் பக்கம் நடந்து வீட்டுக்கு வந்துருவ, கேலி அங்கயே நின்னுடும். இவனுக்கு அது பாய்ல பக்கத்துலயே படுத்துக்குது

ரேவதி சித்தி: ஸ்டிக்கர் அனுப்பறேன் பாருங்க. மனசு கேக்கல, ஆனா பாருங்க

வித்யா: சித்தி... இதுல பின்னாடி பச்சை பக்கெட், உடைஞ்ச மக்கு தெரியுது. இது தாத்தா வீட்டு கொல்லை. தீபாவளிக்கு எண்ணெய் தேய்ச்சு உக்கார வச்சோமே, சீயக்கா கண்ணுல பட்டு முகத்த சுளிச்சானே, அந்த ஃபோட்டோ

அருண்: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

அருண்: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

அருண்: நான்தான் பண்ணேன். இந்த குரூப்புக்காகத்தான் பண்ணேன் சித்தி. சத்தியமா

வித்யா: மேல போய் பாத்தேன். ஒம்போது பேர் சிரிச்சு ரியாக்ஷன் போட்டிருக்கோம். நானும். ‘எண்ணெய் சட்டில விழுந்த வடை’ன்னு கேப்ஷன் போட்டது பாஸ்கர் மாமா

ரேவதி சித்தி: நானும்தான் சிரிச்சேன். அன்னிக்கு அவன் அத எடுத்துடுங்கம்மான்னான். வீட்டு ஆளுங்கதானேடான்னு சொன்னேன்

ரேவதி சித்தி: டிக்கி 37னு இருக்கறத தொட்டா யார் யார் போட்டாங்கன்னு பேர் வருது. அதுல நவீன் பேரும் இருக்கு அண்ணி

புதன்

தாத்தா: இனிய காலை வணக்கம் 🌺

தாத்தா: ஏன் யாரும் பேசல

லட்சுமி அத்தை: ரேவதி, என்ன சொல்றதுன்னு தெரியல. என் ஃபோன்லருந்துதான் அந்த ஸ்டிக்கர எடுத்திருக்கான். அவன் ஒரே ஒருத்தனுக்குத்தான் அனுப்பினானாம். ரெண்டு அறை விட்டேன்

பாஸ்கர் மாமா: அவன் பண்ணது தப்புதான். ஆனா எல்லாரும் போட்டாங்கன்னு இவனும் போட்டிருப்பான், வேணும்னு பண்ணியிருக்க மாட்டான் ரேவதி

உமா பெரியம்மா: 37 பேரோட அப்பாவும் இதையேதான் சொல்லுவாங்க பாஸ்கர். லட்சுமி, அறையாத. அடிச்சா அவனுக்கு கிஷோர் மேலதான் கோவம் வரும். எல்லார் முன்னாடியும் சாரி சொல்ல வைக்கவும் கூடாது, அதுவும் ஒரு நாடகம். அந்த குரூப்ல ‘இத எடுங்கடா’ன்னு அவன் ஒரு வரி போடட்டும். ஓட்டு போடாம பாத்துட்டு இருக்கற மிச்ச 35 பேரும் யாராவது ஒருத்தன் சொல்ல மாட்டானான்னுதான் காத்துட்டு இருப்பாங்க

முரளி சித்தப்பா: ஸ்கூலுக்கு போய்ட்டு வந்தோம். முக்கால் மணி நேரம் வெளிய உக்கார வச்சாங்க. செல்ஃபோன்ல வெளிய நடந்ததுக்கு ஸ்கூல் பொறுப்பில்ல, வீட்ல பாத்துக்கங்கன்னு சொல்லிட்டாங்க

வித்யா: அப்படியா. லாக்டவுன்லருந்து ஹோம்வொர்க், ஃபீஸ் ரிமைண்டர், யூனிஃபார்ம் சர்க்குலர் எல்லாமே வாட்ஸ்அப்லதான வருது. ஃபீஸ் கேக்கும்போது அது ஸ்கூலு, கேலி பண்ணும்போது வெளியவா?

உமா பெரியம்மா: வாயால பேசினா அப்படித்தான் சொல்லுவாங்க. எழுதி குடுங்க, குடுத்ததுக்கு சீல் வச்சு காப்பி வாங்குங்க. சிபிஎஸ்இ ஸ்கூல்தானே, கேலி, கொடுமைய தடுக்க கமிட்டி வைக்கணும்னு 2015லயே சர்க்குலர் விட்டிருக்காங்க, அந்த கமிட்டில யார் யார் இருக்காங்கன்னு மரியாதையா கேளுங்க. கணக்கு சார் சொன்னதையும் எழுதுங்க, அதுதான் ஸ்கூலுக்கு உள்ள நடந்தது, அத மறுக்க முடியாது. அப்பவும் அசையலேன்னா 1098 இருக்கு, சைல்ட் ஹெல்ப்லைன். நம்ம பள்ளிக்கல்வித் துறையோட 14417லயும் பேசலாம்

உமா பெரியம்மா: எங்க ஸ்கூல்ல ‘மாணவர் மனசு’ன்னு பெட்டி வச்சாங்க. முதல் மாசம் ஃபுல்லா பாத்ரூம் குழாய் ஒழுகுதுன்னு சீட்டு. நாங்க சிரிச்சோம். ஆனா குழாய மாத்தினோம். அதுக்கடுத்த மாசம்தான் ஒரு பொண்ணு, பஸ்ல தன்னை என்ன சொல்லி கூப்பிடறாங்கன்னு நாலு பக்கம் எழுதி போட்டிருந்துச்சு. குழாய மாத்தலேன்னா அந்த நாலு பக்கம் வந்திருக்காது

ரேவதி சித்தி: எழுதறேன்க்கா. நைட்டு ஃபோன்ல படிச்சு காட்றேன்

வெள்ளி

ரேவதி சித்தி: லெட்டருக்கு பதில் வந்துச்சு. கணக்கு சார் இவன தனியா கூப்பிட்டு பேசினாராம். சாரி சொல்லலையாம், ‘தப்பா எடுத்துக்காதப்பா’ன்னாராம். சரி. இன்ஸ்டா ஐடி போயிடுச்சு. குரூப்ல நவீன் எழுதியிருக்கான், ‘டேய் போதும் அவன் என் அத்தை பையன்’னு. ரெண்டு பேர் அவனையும் கலாய்ச்சிருக்காங்க. 11 பேர் ஓட்ட எடுத்துட்டாங்க. 26 இன்னும் இருக்கு

லட்சுமி அத்தை: இப்ப இவன் ஸ்கூல் போகமாட்டேன்றான் 😔

உமா பெரியம்மா: ஞாயித்துக்கிழமை வயித்து வலி இருக்கான்னு பாரு

தாத்தா: அந்த ஸ்டிக்கர் என் ஃபோன்ல நட்சத்திரம் போட்டு இருக்கு. எப்படி எடுக்கறது

அருண்: ஸ்டிக்கர் லிஸ்ட்ல அத அழுத்தி பிடிங்க தாத்தா, ரிமூவ்னு வரும்

தாத்தா: 🖼 ஸ்டிக்கர்

அருண்: தாத்தா அனுப்பாதீங்க!! அழுத்தி பிடிங்க!!

தாத்தா: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

தாத்தா: கை நடுங்குது. வித்யா நாளைக்கு வந்து எடுத்து குடு. கிஷோரையும் கூட்டிட்டு வா

சனி

வித்யா: தாத்தா ஃபோன்ல எடுத்தாச்சு. எல்லாரும் அவங்கவங்க ஃபோன்ல எடுத்துட்டீங்களா

பாஸ்கர் மாமா: எடுத்துட்டேன். நவீன இறக்கி விட்டுட்டு கீழ கார்லதான் இருக்கேன்

ரேவதி சித்தி: ரெண்டு பேரும் பேசறாங்களா வித்யா

வித்யா: பேசல சித்தி. மொட்டைமாடில ஷட்டில் ஆடறாங்க. காத்துல காக் பக்கத்து வீட்டு டேங்க் மேல போய் விழுந்துடுச்சு, யார் ஏறி எடுக்கறதுன்னு நிக்கறாங்க

முரளி சித்தப்பா: ஏணி மாடிப்படிக்கு கீழ இருக்கு, சொல்லு

தாத்தா: லாரி வந்துடுச்சு. யாராவது குடம் எடுத்துட்டு கீழ வாங்க