அரசுப் பணத்தில் நடந்த மோசடியைச் சொன்னவர்கள், அவர்களுக்காக நின்ற வக்கீல்கள்: உங்கள் அனுபவம் (அமெரிக்காவின் False Claims Act: பொய் பில் போட்டு அரசுப் பணத்தை எடுப்பவர் மேல் தனியார் ஒருவரே அரசின் பெயரில் வழக்குப் போடலாம், பணம் திரும்ப வந்தால் அவருக்கு ஒரு பங்கு)

பில்லிங் மேசை:

மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பில்லிங்கில் இருந்தவர்களுக்கு 99213, 99215 என்றாலே விஷயம் புரிந்துவிடும். முதலாவது சாதாரண விசிட்டுக்கான கோடு, இரண்டாவது சிக்கலான விசிட்டுக்கு, பணமும் அதிகம். எட்டிப் பார்த்துவிட்டுப் போன நோயாளிக்கும் 99215 போடச் சொன்னார்கள். மேலே போய்ச் சொன்னேன். "டாக்டர் கையெழுத்துப் போட்டிருக்கார்ல, உனக்கென்ன?" என்றார்கள். அப்புறம்தான் வக்கீலைத் தேடிப் போனேன்.

அந்த வக்கீல் அம்மா என் கையிலிருந்த தாள்களைத் தொடவே இல்லை. "முதல்ல இதைச் சொல்லுங்க, உங்களைத் தவிர இது யார் யாருக்குத் தெரியும்?" பக்கத்து மேசைத் தோழியின் பெயரைச் சொன்னேன். "இதுவரைக்கும் பேசினது போகட்டும். இனிமே அவங்ககிட்ட இதைப் பத்தி ஒரு வார்த்தை வேண்டாம்" என்றார். வழக்குப் போட்டோம். அது சீலில் இருக்கும், அதாவது ரகசியமாக, யாரிடமும் மூச்சுவிடக் கூடாது. சட்டத்தில் 60 நாள்தான். அரசு கேட்கக் கேட்க நீதிமன்றம் நீட்டித்துக்கொண்டே போனது, வருடக்கணக்கில்.

அவ்வளவு காலமும் தோழியும் நானும் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். ஒருநாள் அவள், "நாம ரெண்டு பேரும் இதைப் பார்த்துட்டுச் சும்மா இருக்கோமே, தப்பில்லையா?" என்று கண் கலங்கினாள். நான் டப்பாவை மூடிவிட்டு, "வா, வேலையைப் பார்ப்போம்" என்றேன். சீல் நீங்கி வழக்கு வெளியே வந்த அன்று அவளிடமிருந்து ஒரே ஒரு மெசேஜ்: "என்கிட்டகூடவா?" அதற்கு என்ன பதில் எழுதுவதென்று இன்றுவரை தெரியவில்லை.

கணக்குப் பிரிவு:

நான் எதிர்ப்பக்கம். எங்கள் கம்பெனிக்கு டிஓஜேயிலிருந்து (அமெரிக்க நீதித்துறை) ஆவணம் கேட்டு நோட்டீஸ் வந்தது. மாடியில் இருந்த பழைய பெட்டிகளையெல்லாம் இறக்கி, வருடவாரியாக அடுக்கிக் கொடுத்தோம். எங்களோடு சேர்ந்து பெட்டி தூக்கியவர்தான் வழக்குப் போட்டவர் என்பது பின்னால்தான் தெரிந்தது. குனிந்து டேப் ஒட்டிக்கொண்டே, "இது எந்த வருஷம்?" என்று என்னிடம் கேட்டார். அந்தக் குரல் மறக்கவில்லை.

மோசடி நடந்தது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அவருக்குப் பங்கு கிடைத்தது, அவருடைய வக்கீலுக்கும் கிடைத்தது. கிளை மூடியதில் வேலை போன எங்களுக்கு என்ன கிடைத்தது? இதை நாட்டுக்குச் செய்த சேவை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

பழைய வக்கீல்:

கணக்குப் பிரிவு சார், உங்கள் வேலை போனதற்கு உண்மையாகவே வருந்துகிறேன். ஆனால் கிளையை மூட வைத்தது பொய் பில்லா, அதைச் சொன்னவரா? அரசு வழக்கை எடுத்துக்கொண்டால் திரும்ப வரும் பணத்தில் வழக்குப் போட்டவருக்கு 15 முதல் 25 சதவீதம், எடுக்காவிட்டால் 25 முதல் 30. அது உங்கள் சம்பளத்திலிருந்து வரவில்லை. 1943-ல் இந்தச் சட்டத்தின் பல்லைப் பிடுங்கினார்கள், அப்புறம் வழக்குப் போடவே ஆளில்லை. 1986-ல் செனட்டர் கிராஸ்லியும் பிரதிநிதிகள் சபையின் பெர்மனும் திருத்தம் கொண்டுவந்து, பங்கும் பாதுகாப்பும் ஏறிய பிறகுதான் ஆட்கள் வந்தார்கள். 2024 நிதியாண்டில் மட்டும் இப்படி 979 வழக்குகள் போட்டிருக்கிறார்கள், அரசுக்கு 290 கோடி டாலருக்கு மேல் தீர்ப்பாகவும் சமரசமாகவும் வந்தது. பணத்தாசை என்று சொல்வது சுலபம். வழக்கு தோற்றால் அவருக்கும் எனக்கும் ஒரு காசு கிடையாது.

எனக்கு மறக்காதது ஒரு நர்ஸ் அம்மா. ஹாஸ்பிஸில் (இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் இடம்) வேலை. ஆறு மாதத்துக்குள் இறந்துவிடுவார் என்று டாக்டர் சான்று கொடுத்தால்தான் அங்கே மெடிகேர் பணம். அவர் பார்த்த நோயாளிகளில் பலர் நடந்து கடைக்குப் போய் வந்துகொண்டிருந்தார்கள். யார், என்றைக்கு, எவ்வளவு தூரம் நடந்தார் என்று கோடு போட்ட நோட்டில் தேதிவாரியாக எழுதி வைத்திருந்தார். என் அனுபவத்தில் அத்தனை சுத்தமான சாட்சியம் அபூர்வம்.

தாக்கல் செய்து சில மாதம் கழித்து, நீதிமன்ற அனுமதியோடு அரசு வக்கீல் கூப்பிட்டார். அதே இடத்தின் மேல் வேறொருவர் ஏற்கெனவே வழக்குப் போட்டிருக்கிறார். முதலில் வந்தவருக்கே வழக்கு. முந்தையதும் சீலில் இருந்ததால் எங்களுக்குத் தெரிய வழியே இல்லை. அந்த அம்மாவிடம் சொன்னேன். பணத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. நோட்டை மூடிவிட்டு, "அப்போ என் ஷிஃப்ட்லயே இன்னொருத்தரும் இதை எழுதிட்டு இருந்திருக்காங்க. ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்க்காம போயிருக்கோம்" என்றார். யார் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. பில்லிங் மேசை, உங்கள் தோழி கதையைப் படித்ததும் அந்த நர்ஸ் அம்மாவின் முகம்தான் வந்தது.

டெஸ்ட் ரிப்போர்ட்:

ராணுவத்துக்குப் பாகம் செய்யும் இடம். செய்யாத சோதனைக்கு "பாஸ்" என்று தாள். கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். மறுவாரமே ஹெச்ஆர் கூப்பிட்டு, "டீமோடு ஒத்துப்போவதில்லை" என்றார். அவர் மேசையில் என் பெயர் போட்ட கவர் நான் உள்ளே நுழைவதற்கு முன்பே ஒட்டி இருந்தது. அவ்வளவுதான் என் கதை.

ஆனால் இங்கே படிக்கிற யாராவது இப்போதுதான் யோசித்துக்கொண்டிருந்தால் சிலது சொல்லியாக வேண்டும். ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து சொந்த மெயிலுக்கு எதையும் அனுப்பாதீர்கள், முதலில் பிடிபடுவது அதுதான். கம்பெனி வக்கீலுக்கும் நிர்வாகத்துக்கும் நடுவில் போன கடிதங்களைத் தொடவே வேண்டாம், அது உங்கள் வழக்கையே கெடுக்கும். மருத்துவத் துறையில் இருந்தால் நோயாளி விவரத்தைச் சொந்த வக்கீலிடம் காட்ட ஹிப்பாவில் (நோயாளி விவர ரகசியச் சட்டம்) விலக்கு உண்டு, பயப்படாதீர்கள், ஆனால் தேவையானதை மட்டும் காட்டுங்கள். வரி ஏய்ப்பு இந்தச் சட்டத்தில் வராது, அதற்கு ஐஆர்எஸ்ஸில் (அமெரிக்க வரித்துறை) தனி வழி. வேலையை விட்டு நீக்கினால் திரும்பச் சேர்க்கவும், போன சம்பளத்தை இரட்டிப்பாகத் தரவும் சட்டம் சொல்கிறது, ஆனால் மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். கிடைக்கும் பங்குக்கு வரி உண்டு, அது கைக்கு வருவதற்கு முன்பே ஆடிட்டரைப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பத்திரிகைக்காரரிடம் முதலில் போகாதீர்கள். செய்தி வெளியே வந்துவிட்டால் அதை வைத்தே உங்கள் வழக்கைத் தள்ளப் பார்ப்பார்கள்.

பழைய வக்கீல்:

பெரும்பாலும் சரி. ஒன்று சேர்க்கிறேன்: 2024 செப்டம்பரில் புளோரிடாவில் ஒரு ஃபெடரல் நீதிபதி, தனியார் ஒருவர் அரசின் பெயரில் இப்படி வழக்கு நடத்துவதே அரசியலமைப்புக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொன்னார். அதன் மேல் மேல்முறையீடு போனது. லிங்கன் காலத்தில், 1863-ல் வந்த சட்டம். இதைக் கைவிட்டுவிட்டு வேறு எதை வைத்து மோசடியைப் பிடிப்பார்கள் என்று நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

கோப்பு வேலை:

டெஸ்ட் ரிப்போர்ட் அண்ணா, இவ்வளவு எழுதினீர்கள், பெயர் வெளியே வருவதை விட்டுவிட்டீர்கள். இப்படிப்பட்ட வழக்கு நடத்தும் வக்கீலிடம் நான் உதவியாளர். அரசு "நாங்கள் இதில் சேரவில்லை" என்று தாக்கல் செய்யும் தாள் ரொம்பச் சின்னது. காரணம் இருக்காது. அது வந்த அன்று எங்கள் கட்சிக்காரர் ஃபோனில் கேட்டது, "கேஸை விட்டுடலாம் சார், என் பேரை மட்டும் கறுப்பு மை வச்சு அடிச்சுட முடியாதா?"

வழக்கை விட்டாலும் சீல் பெரும்பாலும் நீங்கிவிடும், அப்போது பெயர் தெரியும் என்று முதல் நாளே சார் அவரிடம் சொல்லியிருந்தார். இருந்தாலும் மனுப் போட்டுப் பார்த்தோம். நீதிபதி மறுத்துவிட்டார். இப்போது அவர் பெயரை இணையத்தில் தேடினால் முதலில் வருவது அந்த வழக்குத்தான். அதே துறையில்தான் இன்னும் வேலை தேடுகிறார். போன வாரமும் கூப்பிட்டார். இன்டர்வியூ நன்றாகப் போனதாம், அப்புறம் அங்கிருந்து பதிலே இல்லையாம். மேல்முறையீட்டில் பெயரை எடுக்க வழி இருக்கிறதா என்று கேட்டார். சாரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். பழைய வக்கீல் சார், நீங்கள் யாருக்காவது அப்படி எடுத்துக் கொடுத்ததுண்டா?