சிப்பி வளர்க்கலாமா? கடல் நெறம் மாறுறத பாத்தா பயமா இருக்கு

குமரிக்கடல்:
எல்லாருக்கும் வணக்கம். நான் கன்னியாகுமரி மாவட்டம். எங்க பக்கம் பாறையில முங்கி சிப்பி எடுக்கதுதான் வழக்கம், இப்போ நாங்க கொஞ்ச பேர் சேந்து மணக்குடி காயல்ல மூங்கில் நட்டு கயித்துல பச்சை சிப்பி வளர்க்கலாம்னு பாக்கோம். காசர்கோடு படன்னா பக்கம் பெண்கள் குழுவா சேந்து செய்றத போய் பாத்தோம், குஞ்சு சிப்பிய கயித்தச் சுத்தி வச்சு துணியால தைச்சு தொங்க விடுறாங்க, துணி மக்குறதுக்குள்ள சிப்பி கயித்த பிடிச்சுக்கிடுது. தீனி செலவே இல்ல, அது ரொம்ப பிடிச்சுது. ஆனா 1997ல விழிஞ்ஞத்துல சிப்பி தின்னு 7 பேர் செத்தது, நூத்துக்கணக்குல ஆஸ்பத்திரில கிடந்தது எங்க ஊர்ல இன்னும் பேச்சுதான். இப்போ மன்னார் வளைகுடா பச்சையாகுதுன்னு வேற அடிக்கடி செய்தி வருது. தண்ணி கெட்டுருக்குன்னு எப்படி கண்டுபிடிக்க? நல்லா வேக வச்சா விஷம் போயிருமா? அவங்கள மாதிரியே டிசம்பர்ல கட்டி மே மாசம் எடுத்தா சரி வருமா?

அலைமகள்:
முதல்ல வேக வைக்கிறத பத்தி சொல்லிடறேன், இதுல உயிர் போற விஷயம் இருக்கு. போகாது. சாக்ஸிடாக்ஸின்னு சொல்ற அந்த விஷம் அவிச்சாலும் பொரிச்சாலும் அப்படியே இருக்கும், ருசியோ வாசனையோ மாறாது. கடல்ல மிதக்குற சில வகை நுண்ணிய பாசியிலதான் இந்த விஷம் இருக்கு, சிப்பி லிட்டர் கணக்குல தண்ணிய வடிகட்டி அந்தப் பாசியத் தின்னுது, சிப்பிக்கு ஒண்ணும் ஆகாது, விஷம் சதையில சேந்துடும். தின்னவங்களுக்கு உதடு நாக்கு மரத்துப்போகும், கூடிப்போனா மூச்சுத் தசை நின்னுடும், மாத்து மருந்து கிடையாது, வென்டிலேட்டர்ல வச்சு காப்பாத்தணும். விழிஞ்ஞம் மட்டும் இல்ல, 1981ல கல்பாக்கம் பக்கத்துல வாயலூர்ல மட்டி தின்னு 3 பேர் இறந்துருக்காங்க, அது நம்ம தமிழ்நாட்டுலதான். நல்ல தண்ணியில ரெண்டு நாள் போட்டு எடுத்தா சரியாயிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அது பாக்டீரியாவுக்குத்தான் உதவும், இந்த விஷம் இறங்க வாரக்கணக்குல கூட ஆகலாம். தண்ணி நெறத்த வச்சும் முடிவு பண்ண முடியாது, தெளிவா இருக்குற தண்ணியிலயே ஆபத்தான அளவு இருக்கலாம். சதைய லேப்ல டெஸ்ட் பண்றது ஒண்ணுதான் வழி. 100 கிராம் சதையில 80 மைக்ரோகிராம் தாண்டுனா விக்கக் கூடாதுங்கறது உலகம் பூரா ஏத்துக்கிட்ட அளவு. கொச்சியில சிஐஎஃப்டி, விழிஞ்ஞத்துல சிஎம்எஃப்ஆர்ஐன்னு மத்திய அரசோட மீன் ஆராய்ச்சி நிலையங்க இருக்கு. கயிறு வாங்குறதுக்கு முன்னாடியே அங்க பேசுங்க.

பாம்பன் காத்து:
அண்ணே, நீங்க செய்தில பாத்த பச்சை தண்ணிய நாங்க பூங்கோரைன்னு சொல்லுவோம். 2019 செப்டம்பர்ல மண்டபம் பாம்பன் பக்கம் வந்தப்ப மீன் செத்து ஒதுங்குச்சு, பவளப்பாறையும் அடிவாங்குச்சு. அது நாக்டிலூகாங்கற பாசி, மேல அக்கா சொல்ற விஷம் அதுல கிடையாது, ஆனா கூட்டமா செத்து அழுகும்போது தண்ணியில ஆக்ஸிஜன குடிச்சுடும், அமோனியாவும் ஏறும். மீனாவது நீந்தி தப்பிக்கப் பாக்கும், கயித்துல ஒட்டுன சிப்பி எங்கண்ணே போகும். அதனால ரெண்டு பயமும் வேற வேற, ஒண்ணு சிப்பிய கொல்லும், இன்னொண்ணு சிப்பிய விட்டுட்டு ஆள கொல்லும். ஹைதராபாத்ல இருக்குற இன்காய்ஸ்ங்கற மத்திய அரசு கடல் தகவல் மையம் சாட்டிலைட் வச்சு பாசி தகவல் போடுறாங்க, மன்னார் வளைகுடாவும் கேரளா கடலும் அதுல வருது, பாத்துக்கிடுங்க. மேகம் மூடுனா சாட்டிலைட்டுக்குத் தெரியாது, விஷமும் தெரியாது, எச்சரிக்கைக்கு மட்டும் வச்சுக்கலாம்.

ஓரிகன் தமிழன்:
நான் அமெரிக்காவுல ஓரிகன் கடற்கரையில இருக்கேன், இங்க நடந்தது உங்களுக்கு உதவும்னு எழுதுறேன். நெட்டார்ட்ஸ் பேங்கற விரிகுடாவுல ஆய்ஸ்டர்ங்கற இன்னொரு வகை சிப்பிக்கு ஒரு குஞ்சுப்பண்ணை இருக்கு, 2007 வாக்குல குஞ்சுங்க கோடிக்கணக்குல செத்துச்சு. முதல்ல கிருமின்னு நினைச்சாங்க. பாத்தா காத்து ஒரு பக்கமா அடிக்கிற கோடையில ஆழத்துத் தண்ணி மேல வருது, அதுல கார்பன் டை ஆக்ஸைடு அதிகம், புளிப்பேறுன அந்தத் தண்ணியில பொறந்து ஒண்ணு ரெண்டு நாள்லயே ஓடு கட்ட வேண்டிய குஞ்சால கட்ட முடியல. அப்புறம் தண்ணிய விடாம அளந்து, சலவை சோடா கலந்து சரி பண்ணி தொட்டிக்குள்ள விட்டாங்க, உற்பத்தி திரும்புச்சு. தொட்டியில இது முடியும், திறந்த கடல்ல யாரு சோடா கலக்குறது? கேரளா கடல்லயும் ஜூன்ல இருந்து செப்டம்பர் வரை ஆழத்துத் தண்ணி மேல வருது, அதோட சத்தும் வர்றதால பாசி பெருகுறதும் அப்பதான். நீங்க குஞ்சு சிப்பிய பாறையில இருந்துதான் எடுப்பீங்க, அதனால ஒரு வருஷம் பாறையில குஞ்சு ஒட்டலன்னா என்ன செய்றதுன்னு இப்பவே யோசிங்க. இன்னொண்ணு, 2024 மே மாசம் இங்க சிப்பியில அக்கா சொன்ன அதே விஷம் ஏறி 30 பேருக்கு மேல நோவு வந்தது, ஓரிகன் கரை முழுக்க மஸ்ஸல், அதாவது உங்க பச்சை சிப்பி இனத்தச் சேந்தத, எடுக்க தடை போட்டாங்க. அரசு டெஸ்ட் இருக்குற ஊர்லயே இப்படி.

குமரிக்கடல்:
ரொம்ப நன்றி மக்களே, வேக வைக்கிறதப் பத்தி எங்க ஆளுங்க கிட்ட இன்னைக்கே சொல்லிடுதேன். மாசக் கணக்கு பத்தி யாரும் சொல்லலியே?

அலைமகள்:
விட்டுட்டேன். படன்னாவுல தென்மேற்கு மழை முடிஞ்சு காயல்ல உப்பு ஏறுனதும் கட்டுறாங்க, அடுத்த மழை தண்ணிய நன்னீராக்குறதுக்குள்ள எடுத்துடறாங்க. உங்க மாவட்டத்துக்கு ரெண்டு மழையும் உண்டு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை பழையாறு வெள்ளம் காயலுக்குத்தான் வரும். உப்பு ஆயிரத்துக்கு 20 பங்குக்குக் கீழ ரொம்ப நாள் நின்னா சிப்பி வாய மூடிக்கிட்டு தீனி எடுக்காது, அப்புறம் சாகும். அதனால அவங்க காலண்டர அப்படியே எடுக்காம, உப்பு அளக்குற ரிஃப்ராக்டோமீட்டர் ஒண்ணு வாங்கி ஒரு வருஷம் முழுக்க உப்பையும் சூட்டையும் எழுதி வைங்க, காயல் கடல்ல சேர்ற பொழி மணல் மூடி அடைஞ்சு கிடக்குற நாளும் திறந்த நாளும் சேத்து. டெஸ்டுக்கு சதை அனுப்பும்போது ஒரே கயித்துல இருந்து எடுக்காதீங்க, பொழிமுகத்துப் பக்கம் கொஞ்சம் உள்பக்கம் கொஞ்சம் தனித்தனி பையில போட்டு ஐஸ்ல வச்சு அன்னைக்கே அனுப்புங்க, ரிசல்ட் வர்றவரை ஒரு சிப்பி கூட விக்க வேண்டாம்.