தூசி உறிஞ்சியின் வெளிக்காற்று இரைச்சலைக் குறைப்பது எப்படி?

கேள்வி:
வீட்டு மரவேலைப் பட்டறையில் சைக்ளோன் (காற்றைச் சுழற்றித் தூசியைப் பிரிக்கும் உறிஞ்சி) வைத்து, காற்றை 6 அங்குலக் குழாய் வழியாகச் சுவருக்கு வெளியே விடுகிறேன். உள்ளே பரவாயில்லை, வெளியேதான் கீச்சென்று விசில் மாதிரி சத்தம், பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்கும் நேரத்தில் மெஷினைப் போடவே மனசு வரவில்லை. காற்றோட்டம் குறையாமல் அடக்க முடியுமா?

பதில் 1:
முடியும். அந்த விசில் விசிறி இதழ்கள் சுழலும்போது வருவது, உயர்ந்த சுருதி என்பதால் பஞ்சுக்கு நன்றாகவே அடங்கும். 6 அங்குலத் துளைத்தகட்டுக் குழாயைச் சுற்றி 2 அங்குலத் தடிமனுக்குக் கண்ணாடிக் கம்பளி சுற்றி, அதை 10 அங்குலக் குழாய்க்குள் நுழைத்து, இரண்டு முனையிலும் குழாய்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை மட்டும் மூடுங்கள். உள்விட்டம் மாறாததால் உறிஞ்சும் வேகம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். நீளம் 3 அடியாவது வையுங்கள், கூடக் கூட நல்லது.

பதில் 2:
அப்புறம் குழாய் வாயை ஆளில்லாத பக்கம் திருப்புங்கள். விசிறிக்கும் குழாய்க்கும் நடுவே ரப்பர் இணைப்பு இருக்கிறதா? இல்லையென்றால் சுவரும் சேர்ந்து அதிரும்.

பதில் 3:
பட்டறையில் எரிவாயு ஹீட்டர் உண்டா? வெளியே தள்ளும் அளவு காற்று உள்ளே வர வழியில்லாவிட்டால் அதன் கார்பன் மோனாக்சைடு உள்ளே திரும்பும். முதலில் அதைப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
ஹீட்டர் இல்லை, ஜன்னல் திறந்தே இருக்கும். ரப்பர் இணைப்பு போடவில்லை, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நன்றி!