யூகேஜி பிள்ளைகளும் சைகை மொழியும்: எங்கள் வகுப்பு அனுபவம்

காரைக்குடி பக்கம் ஒரு சின்ன நர்சரி பள்ளியில் யூகேஜி எடுக்கிறேன். காது கேட்காத பிள்ளை ஒருத்தி வகுப்பில் சேர்ந்தாள். அவளுக்குச் சைகை கற்றுக்கொடுப்பதைவிட, கூட உட்காரும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதுதான் முதல் வேலை என்று எனக்குப் பட்டது. பதில் சொல்ல ஆள் இல்லாவிட்டால் அவள் யாரிடம் பேசுவாள்?

பள்ளி நடப்பது பழைய செட்டியார் வீட்டில். பார்க்க அழகு, சைகைக்குத்தான் இருட்டு. வாசல் வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நின்றால் டீச்சர் முகம் கறுப்பாகத் தெரியும். கை தெரிந்தால் போதாதா என்பார்கள். போதாது. சைகை மொழியில் புருவமும் இலக்கணம். 'சாப்பிட்டாய்', 'சாப்பிட்டாயா' இரண்டுக்கும் கை ஒன்றுதான். புருவம் உயர்ந்தால்தான் கேள்வி. அதனால் வகுப்பை வளவுக்கு, அதாவது வீட்டு நடுவில் வானம் தெரியும் முற்றத்துக்கு மாற்றி, பிள்ளைகளை அரைவட்டமாக உட்காரவைத்தோம். எல்லார் முகமும் எல்லாருக்கும் தெரிய வேண்டுமே.

அப்புறம், கூப்பிடுவது எப்படி? மரத்தரை என்றால் காலால் தட்டினால் அதிர்வு போகும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் உதைத்தால் குதிகால்தான் வலிக்கும். விளக்கை அணைத்துப் போடலாம் என்றால் வளவில் பட்டப்பகல். தோளைத் தொடுவது ஒன்றுதான் வழி. நான் ஒருவனைத் தொட, அவன் பக்கத்துப் பிள்ளையைத் தொட, கடைசியில் அவள் திரும்புவாள். இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவர்களாகவே கண்டுபிடித்தார்கள்.

சொற்களுக்கு, டெல்லியில் 2015-ல் தொடங்கிய இந்திய சைகை மொழி மையத்தின் அகராதிதான் கை கொடுத்தது. 2021 பதிப்பில் 10,000 சொற்கள், வீடியோவாகவே பார்க்கலாம். யூடியூபில் முதலில் வந்து நிற்கும் அமெரிக்க வீடியோக்களைப் பார்த்து எழுத்துகளுக்கான சைகையைப் பழக்கிவிடாதீர்கள். அவர்களுக்கு ஒரு கை, நமக்கு இரண்டு கை. நம் முறையில் ஆங்கில உயிரெழுத்துகள் ஐந்தும் ஐந்து விரல் நுனியில்: கட்டைவிரல் ஏ, சுண்டுவிரல் யூ. 'உன் பெயர் என்ன' என்பதில் 'என்ன' கடைசியில் வருவது தமிழ் பேசும் பிள்ளைகளுக்குச் சுலபம்.

ஒரு பையனின் அப்பத்தா சண்டைக்கே வந்துவிட்டார். "கையைக் காட்டியே பழகினா புள்ளைக்கு வாய் எப்படித் திறக்கும்?" காது கேட்காத தாய் தகப்பனுக்குப் பிறந்து, காது நன்றாகக் கேட்கும் பிள்ளைகள் சைகையும் பேச்சும் இரண்டுமாக வளர்கிறார்கள் என்று சொன்னேன். நம்பவில்லை. பேரன் வீட்டில் ஓயாமல் பேசுவதைப் பார்த்துத்தான் விட்டார்.

*

தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். அக்கா சொன்னது எல்லாம் சரி, ஒரு தொல்லையை விட்டுவிட்டீர்கள். எங்கள் இரண்டாம் வகுப்பில் கைதட்டலுக்குப் பதில் இரண்டு கையையும் தூக்கி ஆட்டச் சொல்லிக்கொடுத்தோம். நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். கூடவே மற்றதையும் பிடித்துக்கொண்டார்கள். இப்போது வகுப்பு நடக்கும்போதே இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் சத்தமில்லாமல் கதை ஓடுகிறது. போர்டில் எழுதத் திரும்பினால் போதும். 'பேசாதே' என்றால், "நாங்க பேசலையே டீச்சர்" என்கிறார்கள். உங்கள் வகுப்பில் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?