பூனைக்குச் சளி: மலையிறங்க வேண்டுமா, பொறுக்கலாமா?

மிளகு வீடு:
ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பக்கம் இருக்கிறோம். மிளகுக்கு இரண்டு வயது, பெண் பூனை. மூன்று நாளாகத் தும்மல். மூக்கில் தண்ணீராக ஒழுகுகிறது, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டே இருக்கிறாள். சாப்பாடு பாதிதான் இறங்குகிறது. டாக்டர் இருப்பது சேலத்தில். 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். போன முறை கூடையிலேயே வாந்தி எடுத்து, இரண்டு நாள் கட்டிலுக்கடியில் கிடந்தாள். பக்கத்து வீட்டு அக்கா பாராசிட்டமால் கால் மாத்திரை கொடுக்கச் சொல்கிறார். கொடுக்கலாமா?

அஸ்தம்பட்டிக்காரன்:
முதலில் அந்த மாத்திரையைத் தூக்கி உள்ளே வையுங்கள். பூனையின் ஈரலால் பாராசிட்டமாலை முறிக்க முடியாது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய் ஈறு பழுப்பாகிவிடும். கால் மாத்திரையே உயிரைக் குடிக்கலாம்.

இது பெரும்பாலும் ஹெர்பெஸ் அல்லது கலிசி வைரஸ் வேலை; மலைப்பனி மேல் பழி போட வேண்டாம். வெறும் தும்மலும் தண்ணீர் மூக்கும் என்றால், நன்றாகச் சாப்பிடும் பூனைக்கு இரண்டொரு நாள் பொறுக்கலாம். கண்ணை இடுக்குவது அப்படி இல்லை. ஹெர்பெஸ் கருவிழியில் புண் போடும், அதற்காகவே சீக்கிரம் காட்டுங்கள்.

அசந்து தூங்கும்போது விலாவைப் பாருங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். 'குர்ர்' என்று சத்தம் போடும்போது எண்ணாதீர்கள், கணக்குத் தப்பும். 30க்குள் இருந்தால் சரி. 40ஐத் தாண்டினாலோ, வயிற்றை இழுத்து இழுத்து மூச்சு வாங்கினாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, ஈறு வெளுத்தாலோ நீலம் பாய்ந்தாலோ, நடுராத்திரி என்று பார்க்காமல் வண்டியை எடுங்கள்.

மலைக்காத்து:
வெந்நீரில் நீலகிரித் தைலம் இரண்டு சொட்டு விட்டு ஆவி காட்டுங்கள். பாட்டி வைத்தியம்.

அஸ்தம்பட்டிக்காரன்:
வேண்டாங்க. தைலமும் கற்பூரமும் பூனைக்கு நஞ்சு. குளியலறையில் சுடுதண்ணீரைத் திறந்துவிட்டுப் பத்து நிமிடம் பூனையோடு உட்கார்ந்தால் போதும்.

சூரமங்கலம் அக்கா:
எங்கள் பூனைப் பையன் கதை வேறு. தரையோடு பதுங்கி, கழுத்தை முன்னால் நீட்டி 'கக் கக்' என்று இருமுவான். தொண்டையில் முடி சிக்கியிருக்கும் என்று ஒரு மாதம் சும்மா இருந்தோம். முடி மட்டும் ஒருநாளும் வெளியே வரவில்லை. கடைசியில் பார்த்தால் ஆஸ்துமா! டாக்டர் முன்னால் ஒரு தடவைகூட இருமவில்லை. போனில் எடுத்த வீடியோவைப் பார்த்துத்தான் அவருக்கே சந்தேகம் வந்தது. வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் கொசுவத்தியும் இப்போது எங்கள் வீட்டில் கிடையாது. நீங்களும் வீடியோ எடுத்து வையுங்கள் தம்பி.

மிளகு வீடு:
தூக்கத்தில் எண்ணினேன், 26. ஆனால் நேற்றுக் காலையிலிருந்து எதையும் தொடவில்லை. மத்தி வேகவைத்துச் சூடாக வைத்தேன், மோந்துகூடப் பார்க்கவில்லை. மூக்கு ஒழுகுவதும் மஞ்சளாகிவிட்டது. நாளை ஞாயிறு, திங்கள் போகலாமா?

அஸ்தம்பட்டிக்காரன்:
இன்றே இறங்குங்கள். மூக்கடைத்தால் வாசம் தெரியாது, வாசம் தெரியாவிட்டால் பூனை சாப்பிடாது. இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலில் போய்ச் சேர்ந்துகொள்ளும். குண்டுப் பூனை என்றால் ஆபத்து இன்னும் அதிகம். 26 நல்ல எண்தான். ஆனால் ஒரு நாள் முழுக்கச் சாப்பாடு நின்ற பிறகு அதை மட்டும் நம்பி உட்காரக்கூடாது. கூடையைத் துணியால் மூடிக்கொண்டு போங்கள்.

மிளகு வீடு:
போய் வந்தோம். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு கத்தல், வாந்தி மட்டும் இல்லை. டாக்டர் கண்ணில் சாயம் விட்டுப் பார்த்தார், கருவிழியில் சின்னப் புண். கண் சொட்டு மருந்தும் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையும் கொடுத்திருக்கிறார். மாத்திரை விழுங்கியதும் சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீர் விட வேண்டுமாம், இல்லாவிட்டால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும் என்றார். முதல் மாத்திரைக்கே என் கை முழுக்கக் கீறல். ராத்திரி பதினோரு மணிக்கு மத்திக் குழம்புச் சட்டியை உருட்டும் சத்தம் கேட்டு எழுந்தேன்.